ஒரு பந்து, 38 குழந்தைகள்

கேள்வி:

நான் ஒரு சிற்றூர்த் தொடக்கப் பள்ளியின் தலைமை ஆசிரியை. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை 38 குழந்தைகள். என்னையும் சேர்த்து இரண்டே ஆசிரியர்கள். உடற்கல்வி ஆசிரியர் கிடையாது. இனி வருவார் என்ற நம்பிக்கையும் இல்லை. பள்ளிக்கு முன்னால் ஒரு மண் திடல், ஒரு மரம், ஒரு நீளமான சுவர். பந்து ஒன்றுதான், தொலைந்துவிடக்கூடாதே என்று அலமாரியில் பூட்டி வைக்கிறோம். கால அட்டவணையில் வாரத்துக்கு இரண்டு விளையாட்டு வேளைகள் உண்டு. ஒன்றைக் கணக்குப் பாடம் தின்றுவிடும். மற்றொன்றில் பையன்கள் பந்தை உதைப்பார்கள். பெண் குழந்தைகள் மரத்தடியில் உட்கார்ந்துகொள்வார்கள். நான்காம் வகுப்பில் ஒரு சிறுமிக்கு ஒரு காலில் வலுக் குறைவு. ஊன்றுகோலோடு நடக்கும் அவளுக்கு ஸ்கோர் எழுதும் வேலை கொடுத்திருக்கிறோம். விளையாட்டு விழாவில் ஆண்டுதோறும் அதே மூன்று பேர்தான் பரிசு வாங்குகிறார்கள். இப்போது ஒரு பழைய மாணவர் கூடைப்பந்துக் கம்பங்கள் இரண்டு வாங்கித் தருகிறேன் என்கிறார். வாங்கிக்கொள்ளலாமா? எனக்கு விளையாட்டே தெரியாது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

கம்பங்கள் இப்போதைக்கு வேண்டாம். ஆனால் அந்தப் பழைய மாணவரை விட்டுவிடாதீர்கள். அவருடைய பணத்துக்கு வேறு வேலை இருக்கிறது. கடைசியில் சொல்கிறேன்.

விளையாட்டே தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். நெடுங்காலம் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். சிறு பள்ளிகளில் நான் பார்த்த நல்ல விளையாட்டு வகுப்புகள் சிலவற்றை நடத்தியவர்கள், ஒரு பந்தயத்திலும் கலந்துகொள்ளாத ஆசிரியைகள். விளையாட்டு தெரிந்தவர்கள் ஆட்டத்தைப் பார்க்கிறோம். அவர்கள் குழந்தையைப் பார்த்தார்கள்.

எனவே முதல் வேலையாகப் பார்க்க மட்டும் செய்யுங்கள். அடுத்த விளையாட்டு வேளையில் ஒரே ஒரு குழந்தையை மனத்துக்குள் தேர்ந்துகொள்ளுங்கள். நன்றாக ஓடுகிற குழந்தை வேண்டாம், ஓடவே முடியாத குழந்தையும் வேண்டாம். பெயர் சட்டென்று நினைவுக்கு வராத, நடுவாந்தரக் குழந்தை ஒன்று. கடிகாரத்தை வைத்துக்கொண்டு பத்து நிமிடம் அந்தக் குழந்தையை மட்டும் கவனியுங்கள். உடம்பு அசைந்த விநாடிகளைக் கூட்டுங்கள். பந்து கையிலோ காலிலோ பட்ட தடவைகளை எண்ணுங்கள். இரண்டு எண்களையும் எழுதி வையுங்கள். இதற்குப் பிறகு நான் சொல்லப்போவதெல்லாம் அந்த இரண்டு எண்களை ஏற்றுவதற்கான வழிகள்தான்.

என் முதல் ஆண்டுக் கூத்தைக் கேளுங்கள். கையில் பட்டம், கழுத்தில் விசில், எதிரே ஏறத்தாழ உங்கள் பள்ளி அளவுக்கு ஒரு கூட்டம். இரண்டு நீண்ட வரிசைகளாக நிறுத்தி ரிலே ஓட வைத்தேன். பார்க்க அழகாக இருந்தது, பாராட்டும் கிடைத்தது. வீட்டுக்குப் போன பிறகுதான் கணக்குப் போட்டேன். வரிசைக்கு 19 பேர். ஒருவர் ஓடித் திரும்ப 15 விநாடி. ஆக, ஒரு குழந்தை 15 விநாடி ஓடிவிட்டு நாலரை நிமிடம் நிற்கிறது. அன்று வரிசையின் வாலில் ஒரு பையன் உட்கார்ந்து மண்ணில் கோட்டை கட்டிக்கொண்டிருந்தான். ஒழுங்கீனம் என்று அவனை வெளியே அனுப்பினேன். அவனுக்கு வாய்த்திருந்த 15 விநாடியும் போயிற்று.

உங்கள் பந்தின் கணக்கும் அதே கதைதான். 30 நிமிட வேளையை 38 குழந்தைகளுக்குத் துல்லியமாகப் பங்கு போட்டால் ஆளுக்கு 47 விநாடி. பந்து அப்படிப் பங்கு போகாது என்பது உங்களுக்கே தெரியும். நான்கைந்து பையன்களின் காலைச் சுற்றியே கிடக்கும். மற்றவர்கள் அதன் பின்னால் ஓடுவார்கள். கொஞ்ச நாளில் ஓடுவதையும் விட்டுவிடுவார்கள். உங்கள் பெண் குழந்தைகள் மரத்தடிக்குப் போனது இப்படித்தான் என்று நினைக்கிறேன். அவர்களுக்கு விளையாட்டில் நாட்டமில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இடமும் இல்லாமல், பந்தும் வராமல், எவ்வளவு நேரம்தான் ஒருவர் வெயிலில் நின்றுகொண்டிருப்பார்?

ஆகவே முதலில் பந்துகள். கடைக்குப் போக வேண்டாம். பழைய செய்தித்தாளை இறுக்கக் கசக்கி, மேலே துணியைச் சுற்றிக் கட்டினால் ஒரு பந்து. கிழிந்த காலுறைக்குள் கந்தல் துணியைத் திணித்து முடிச்சுப் போட்டால் இன்னொன்று. ஒரு கையகலத் துணிப்பையில் ஏதாவது தானியத்தையோ விதையையோ முக்கால் பங்கு நிரப்பித் தைத்தால் விதைப்பை. உருண்டு ஓடாது, பிடிப்பது எளிது, தலையில் வைத்து நடக்கவும் ஆகும். ஒரு மாலை வகுப்பில் நாற்பது செய்துவிடலாம். குழந்தைகளே செய்யட்டும், தாங்கள் செய்த பந்தை அவர்கள் எளிதில் தொலைப்பதில்லை.

மெத்தென்ற பந்து சிக்கனத்துக்காக மட்டும் அல்ல. ஆறு வயதுக் குழந்தை பந்தைப் பிடிக்கும்போது பாருங்கள்: கைகளை விறைப்பாக நீட்டி, முகத்தைத் திருப்பி, கண்ணை மூடிக்கொள்ளும். முன்பு எப்போதோ கெட்டியான பந்து மூக்கில் பட்டிருக்கும். கண் பந்தைப் பின்தொடரப் பழக வேண்டுமானால் முதலில் பயம் போக வேண்டும், பந்தும் மெதுவாக வர வேண்டும். முதல் வகுப்புக்குப் பலூன் போதும். அடுத்தது விதைப்பை, அதற்கடுத்தது துணிப்பந்து, ரப்பர் பந்து கடைசியில்தான். உங்கள் அலமாரியில் இருப்பது பெரும்பாலும் பெரியவர்கள் ஆடும் 5ஆம் எண் கால்பந்தாக இருக்கும். எட்டு வயதுக்குக் கீழே 3ஆம் எண், 12 வயது வரை 4ஆம் எண் என்பது வழக்கம். அந்தப் பெரிய பந்தை எறிந்துவிட வேண்டாம். காற்றைக் கொஞ்சம் இறக்குங்கள். துள்ளல் அடங்கும், காலிலும் வலிக்காது.

இனி என்ன கற்றுத் தருவது என்ற கேள்வி. இதில் நீங்கள் என்னைவிட அனுபவசாலி. எழுத்தறியாத குழந்தையிடம் நீங்கள் கட்டுரை எழுதச் சொல்வதில்லை. ஆனால் ஓடி நிற்கவே தெரியாத குழந்தையைக் கால்பந்து ஆட்டத்துக்குள் தள்ளிவிடுகிறோம். உடம்புக்கும் நெடுங்கணக்கு உண்டு: ஓடுதல், நிற்றல், திரும்புதல், தாவுதல், நொண்டுதல், உருளுதல், தொங்குதல், எறிதல், பிடித்தல், உதைத்தல், மட்டையால் அடித்தல், ஒற்றைக் காலில் நிலைகொள்ளுதல். தொடக்கப் பள்ளியின் ஐந்து ஆண்டுகளில் இவை சரளமாக வந்துவிட்டால் பிறகு எந்த விளையாட்டுக்கும் அந்தக் குழந்தை போகலாம். வராவிட்டால் 12 வயதில் ‘எனக்கு விளையாட்டு வராது’ என்று தானே ஒதுங்கிக்கொள்ளும். வளர்ந்தும் அதையே சொல்லும், உங்களைப் போல, மன்னிக்கவும்.

ஒவ்வொன்றுக்கும் பெரிய நுட்பம் தேவையில்லை. ஒரு வாக்கியம் போதும். குதித்து இறங்கும்போது: “சத்தம் கேட்காமல் இறங்கு.” முழங்கால் தானாக மடங்கும். பிடிக்கும்போது: “பந்து கைக்குள் வரும்வரை அதைப் பார்.” எறியும்போது: “எந்தக் கையில் எறிகிறாயோ அதற்கு எதிர்க் காலை முன்னால் வை.” பெண் பிள்ளை எறிவதுபோல எறிகிறான் என்று பையன்களைக் கேலி செய்கிறார்களே, அந்த எறிதலைக் கவனித்துப் பார்த்தால் ஒரே பக்கத்துக் கையும் காலும் முன்னால் வந்திருக்கும். எறிந்து பழகாத எவரும் அப்படித்தான் எறிவார்கள். பையன்களில் பலர் பள்ளிக்கு வருமுன்பே ஆயிரம் கற்களை எறிந்து முடித்திருப்பார்கள். பெண் குழந்தைகளை யாரும் எறிய விட்டிருக்க மாட்டார்கள். அந்த நீளமான சுவரில் சுண்ணாம்பால் வட்டங்கள் வரைந்து, ஆளுக்கொரு துணிப்பந்து கொடுத்து, ஒரு மாதம் விடுங்கள். சுவர் அலுக்காமல் பந்தைத் திருப்பித் தரும். எவரையும் கேலி செய்யாது. உங்கள் பள்ளியின் மிகச் சிறந்த விளையாட்டுக் கருவி அதுதான்.

ஒரு வேளையை எப்படி நடத்துவது என்று ஒரு மாதிரி தருகிறேன். 38 பேரையும் நான்கு குழுக்களாகப் பிரியுங்கள்; ஒவ்வொன்றிலும் ஒன்று முதல் ஐந்து வரை எல்லா வகுப்பினரும் இருக்கட்டும். திடலில் நான்கு மூலைகள்: சுவரில் எறிந்து பிடித்தல், வரிசையாகக் கிடத்திய பழைய சைக்கிள் டயர்களுக்குள் தாவுதல், ஸ்கிப்பிங் கயிறு, இரண்டு கற்களுக்கு நடுவே பந்தை உதைத்தல். மூலைக்கு ஆறு நிமிடம், பிறகு அடுத்த மூலை. 24 நிமிடத்தில் எல்லோரும் எல்லாவற்றையும் செய்துவிடுவார்கள். ஒவ்வொரு மூலையிலும் இரண்டிரண்டு பேராகச் செய்தால் வரிசையே இராது. மூலைக்கு ஓர் ஐந்தாம் வகுப்புக் குழந்தை பொறுப்பு. பொறுப்பு வாரந்தோறும் மாறும், கெட்டிக்காரர்களிடமே தங்கிவிடக்கூடாது. நீங்கள் நடுவில் நின்றால் நான்கும் கண்ணில் படும். பெரிய பள்ளியில் இது நடக்காது. அங்கே வகுப்பு வகுப்பாகத்தான் திடலுக்கு வருவார்கள். பத்து வயது ஆறு வயதுக்குக் கயிறு சுற்றித் தருவது சிறு பள்ளியில்தான் கிடைக்கும்.

முதல் இரண்டு வாரம் கூச்சலாகத்தான் இருக்கும். நானும் பயந்திருக்கிறேன். “நில்” என்றால் பந்தைக் காலடியில் வைத்துவிட்டு நிற்க வேண்டும் என்ற ஒரே விதியை முதலில் பழக்குங்கள்; அதையே ஓர் ஆட்டமாக ஆடலாம். மற்ற விதிகள் பிறகு.

கைவிட வேண்டிய பழக்கங்களும் சில உண்டு. இரண்டு தலைவர்களை நிறுத்தி மாறிமாறி ஆள் பொறுக்கச் சொல்வது. கடைசியில் மிஞ்சும் குழந்தைக்கு அந்த நிமிடம் ஐம்பது வயதிலும் நினைவிருக்கும். அப்படி மிஞ்சியவர்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். தோற்றவர் வெளியேறும் ஆட்டங்களும் அப்படியே: பயிற்சி அதிகம் வேண்டிய குழந்தைதான் முதலில் வெளியேறிப் பார்த்துக்கொண்டிருக்கும். ‘அவுட்’ ஆனால் பத்துத் தடவை நொண்டிவிட்டு உள்ளே வா என்று விதியை மாற்றினால் ஆட்டமும் கெடாது, குழந்தையும் உட்காராது. வீட்டுப்பாடம் எழுதாதவனைத் திடலைச் சுற்றி ஓடவிடுவதும் வேண்டாம், விளையாட விடாமல் உட்கார வைப்பதும் வேண்டாம். ஓட்டத்தைத் தண்டனையாக்கிவிட்டு, பிறகு அதை விரும்பு என்றால் எந்தக் குழந்தை விரும்பும்?

கணக்குப் பாடம் தின்ற வேளைக்கு வருகிறேன். தின்பது நீங்கள்தான் என்பதால் கோபத்தோடு எழுத முடியவில்லை. இரண்டு ஆசிரியர்கள் ஐந்து வகுப்புகளை இழுக்கும் பள்ளியில் நேரத்தின் அருமை எனக்குத் தெரியும். 1970களில் கனடாவின் கியூபெக் மாகாணத்தில், ட்ருவா-ரிவியேர் வட்டாரத்தில், ஓர் ஆய்வு நடத்தினார்கள். தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்கு நாள்தோறும் ஒரு மணி நேரம் உடற்கல்வி கொடுத்தார்கள்; அதற்காக மற்றப் பாடங்களின் நேரத்தில் 13, 14 சதவீதத்தை வெட்டினார்கள். மதிப்பெண் சரியவில்லை, மேல் வகுப்புகளில் சற்று ஏறவே செய்தது. ஓடினால் கணக்கு வந்துவிடும் என்று நான் வாக்குத் தர மாட்டேன். விளையாட்டு படிப்பைத் தின்றுவிடும் என்று சொல்லும் பெற்றோர் கூட்டத்தில் இதைச் சொல்லலாம், உங்கள் மனத்துக்கும் சொல்லிக்கொள்ளலாம்.

வாரம் இரண்டு வேளையைவிட நாள்தோறும் 15 நிமிடம் மேலானது. 5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்கும் அளவு உடலசைவு வேண்டும், எலும்பையும் தசையையும் வலுப்படுத்தும் அசைவு வாரத்தில் மூன்று நாளாவது வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல் சொல்கிறது. எல்லாவற்றையும் பள்ளியே தர வேண்டியதில்லை. கால் பங்கு தந்தாலும் பெரிது. எலும்புக்கு வேலை கொடுக்க, குதிக்க ஒரு கயிறும் தொங்க ஒரு வலுவான கிளையும் இருந்தால் ஆயிற்று. ஸ்காட்லாந்தின் ஸ்டெர்லிங்கில் ஒரு தொடக்கப் பள்ளியின் தலைமை ஆசிரியை எலெய்ன் வைலி, தம் குழந்தைகளுக்குச் சிறிது தூரம் ஓடினாலே இளைக்கிறது என்று கண்டு, 2012இல் நாள்தோறும் 15 நிமிடம் அவர்களை வெளியே ஓடவும் நடக்கவும் விட்டார். உடை மாற்றுவது கிடையாது, போட்டி கிடையாது, கருவி கிடையாது; அவரவர் வேகத்தில் தோழர்களோடு பேசிக்கொண்டே போகலாம். அது இப்போது பல நாடுகளில் நடக்கிறது. அவரும் உடற்கல்வி ஆசிரியருக்காகக் காத்திருக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். மதிய வேளையின் சோர்வு தொடங்கும் நேரத்தில் இந்த 15 நிமிடத்தை வைத்துப் பாருங்கள். கடும் வெயிலாக இருந்தால் காலைக்கு மாற்றிவிடுங்கள்.

அந்த நான்காம் வகுப்புச் சிறுமி. உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது அவளைப் பற்றிய இரண்டு வரிகளைத்தான். ஸ்கோர் எழுதும் வேலையை அன்போடுதான் கொடுத்திருப்பீர்கள். ஆனால் மற்ற 37 பேருக்கும் வேண்டிய 60 நிமிடம் அவளுக்கும் வேண்டும். அவளுக்குச் சற்றுக் கூடுதலாகவே வேண்டும், ஏனென்றால் தோளும் கையும் முதுகும்தான் அவளைச் சுமக்கின்றன. எதைச் செய்யக் கூடாது என்று அவளுடைய மருத்துவரிடம் வீட்டார் மூலம் கேட்டுக்கொள்ளுங்கள். மற்றதை அவளிடமே கேளுங்கள். எதை விளையாட ஆசை என்று இதுவரை யாராவது அவளைக் கேட்டிருக்கிறார்களா?

எந்த ஆட்டத்திலும் மாற்றிப் பார்க்க நான்கு பிடிகள் உண்டு: இடம், செய்ய வேண்டிய வேலை, கருவி, ஆட்கள். அவளுக்கு இலக்குக் கோட்டை அருகில் போடலாம், இது இடம். மற்றவர்கள் ஓடித் தொடும்போது அவள் எறிந்து தொடலாம், இது வேலை. கனமில்லாத பெரிய பந்து தரலாம். அணியின் ஆள் கணக்கைக் கூட்டலாம், குறைக்கலாம். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் மாற்ற வேண்டாம். ஒன்றை மாற்றி, ஆட்டம் எப்படிப் போகிறது என்று பாருங்கள்.

இன்னொரு வழி எனக்கு மிகவும் பிடித்தது. 1956இல் நெதர்லாந்தில் உட்கார்ந்து ஆடும் கைப்பந்து உருவானது. இன்று அது பாராலிம்பிக் விளையாட்டு. வாரம் ஒரு நாள் வகுப்பு முழுவதையும் தரையில் உட்கார வையுங்கள். நடுவில் குழந்தைகளின் தலை உயரத்துக்குச் சற்று மேலே ஒரு கயிறு, ஒரு பலூன் அல்லது கடற்கரைப் பந்து. இடுப்பு தரையைவிட்டு எழக்கூடாது, அவ்வளவுதான் விதி. கையால் தரையில் ஊன்றி நகர்வது எவ்வளவு கடினம் என்று உங்கள் ஓட்ட வீரர்களுக்குப் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். தோள் பழகிய அந்தச் சிறுமியை அன்று எல்லோரும் தங்கள் அணிக்குக் கேட்பார்கள்.

கூடைப்பந்துக் கம்பம் ஏன் வேண்டாம் என்றேன்? அந்த விளையாட்டு பிறந்ததே கம்பம் இல்லாமல்தான். 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில், குளிரில் வெளியே போக முடியாத 18 மாணவர்களை ஓர் அறைக்குள் சமாளிக்க வேண்டிய உடற்கல்வி ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித், இரண்டு பெட்டிகள் கிடைக்குமா என்று கட்டடப் பணியாளரிடம் கேட்டார். பெட்டி இல்லை, பீச் பழக் கூடைகள் இருந்தன. அவற்றை மாடத்தின் கைப்பிடியில் ஆணியடித்தார். ஒரு கால்பந்தைக் கொடுத்து, ஒன்பது பேருக்கு ஒன்பது பேராக ஆடவிட்டார். அந்த மாடம் 10 அடி உயரத்தில் இருந்தது. இன்றும் வளையம் 3.05 மீட்டரில் நிற்பதற்குக் காரணம் அது மட்டும்தான். உங்கள் குழந்தைகளின் தோளுக்கும் அந்த உயரத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சிறாருக்கான மினி கூடைப்பந்திலேயே 2.6 மீட்டர்தான், முதல் வகுப்புக்கு அதுவும் அதிகம். சுவரில் மூன்று உயரங்களில் இரும்பு வளையங்களை அடித்துவிட்டால் போதும்.

மரத்தடிப் பெண் குழந்தைகளுக்கும் ஒரு பள்ளி ஆசிரியர் வழி சொல்லியிருக்கிறார். 1902இல் ஆம்ஸ்டர்டாமில் நிக்கோ ப்ரூக்ஹைசன் என்பவர், ஆணும் பெண்ணும் சேர்ந்தே ஆடும்படி கோர்ஃப்பால் என்ற கூடை விளையாட்டை அமைத்தார். இன்றைய விதிப்படி அணிக்கு நான்கு ஆண், நான்கு பெண். பந்தைப் பிடித்தவர் அதோடு ஓடக்கூடாது, தட்டிக்கொண்டும் போகக்கூடாது. இன்னொருவருக்குக் கொடுக்க வேண்டும், அல்லது கூடையை நோக்கி எறிய வேண்டும். இந்த ஒரே விதியை உங்கள் திடலுக்குக் கடன் வாங்குங்கள். பந்தை ஆளுகிற பையன் யாராக இருந்தாலும் பந்து அவனிடம் தங்காது. நான்குக்கு நான்கு என்று சிறு சிறு ஆட்டங்களாக, திடலைக் கோடு போட்டுப் பிரித்து, ஒரே நேரத்தில் நான்கைந்து ஆட்டம் நடக்கட்டும்.

விளையாட்டு விழாவுக்கு முன்னால் சேர்க்கைப் பதிவேட்டை எடுத்து, அந்த மூன்று வெற்றியாளர்களின் பிறந்த தேதிகளைப் பாருங்கள். ஒரே வகுப்பில் மூத்த குழந்தைக்கும் இளைய குழந்தைக்கும் ஏறத்தாழ 12 மாத இடைவெளி இருக்கலாம். ஆறு வயதில் அது ஆயுளில் ஆறில் ஒரு பங்கு. 1980களில் கனடாவின் ஐஸ் ஹாக்கி வீரர்களின் பிறந்த மாதங்களை எண்ணிப் பார்த்தபோது, ஆண்டின் தொடக்க மாதங்களில் பிறந்தவர்கள் அளவுக்கு மீறி இருந்தார்கள். வயதுப் பிரிவு ஜனவரி 1இல் தொடங்கியது. அந்தச் சில மாத மூப்பைத் திறமை என்று பயிற்சியாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். உங்கள் பரிசு மேடையிலும் ஒருவேளை அதுதான் நடக்கிறது. எனவே நின்ற இடத்திலிருந்து தாண்டும் தூரத்தையும் எறியும் தூரத்தையும் பருவத்துக்கு ஒரு முறை அளந்து, குழந்தையின் நோட்டில் எழுதுங்கள். விழாவில் போன முறை அளவைத் தாண்டியவர்களின் பெயரைப் படியுங்கள். ஓட்டப் பந்தயத்தை ஒழிக்கச் சொல்லவில்லை. ஓடி முந்துவதில் ஒரு மகிழ்ச்சி இருக்கிறது, அதை ஏன் பறிப்பானேன்? அதுவே முழு விழாவாக இருக்க வேண்டாம். பக்கத்துச் சிறு பள்ளிகள் இரண்டு மூன்றோடு சேர்ந்து ஒரு நாள் நடத்தினால் இன்னும் நல்லது. பள்ளிக்குப் பள்ளி மோதவிடாமல், எல்லாப் பள்ளிக் குழந்தைகளையும் கலந்து அணி பிரியுங்கள். புது முகங்களோடு ஆடுவது சிறு பள்ளிக் குழந்தைக்கு அரிதாகக் கிடைக்கும் விருந்து.

பாதுகாப்பில் சிலவற்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். காலையில் திடலை ஒரு சுற்று நடந்து கண்ணாடித் துண்டு, கல், முள் பொறுக்குங்கள். ஐந்தாம் வகுப்பு இதைச் செய்யும். பழைய டயர்களில் மழைநீர் தேங்காமல் ஓட்டை போடுங்கள். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் தண்ணீர் குடிக்க வையுங்கள். இடி கேட்டால் எல்லோரும் கட்டடத்துக்குள், மரத்தடிக்கு அல்ல. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை வெளியே விட வேண்டாம். ஆஸ்துமா உள்ள குழந்தையின் இன்ஹேலர் பையில் அல்ல, திடலில் உங்கள் கையெட்டும் இடத்தில் இருக்கட்டும். யாராவது இரும்பு கோல் கம்பம் தந்தால், தரையில் உறுதியாகப் பிணைக்காமல் ஒரு நாள்கூட நிறுத்தாதீர்கள். சாயும் கம்பத்தின் கீழே அகப்பட்டுக் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள்.

இப்போது பழைய மாணவர். அவரிடம் கேட்க வேண்டியவை: கைக்கடக்கமான மெத்தென்ற பந்துகள் ஒரு டஜன், 3ஆம் எண் பந்துகள் நான்கு, பல நீளங்களில் கயிறுகள், ஓர் அளவு நாடா, சுவரிலும் தரையிலும் கோடு போட இரண்டு டப்பா பெயின்ட், அந்த மூன்று இரும்பு வளையங்கள், ஒரு முதலுதவிப் பெட்டி. கூடவே ஒரு காற்றடிக்கும் பம்ப், அதற்கு நாலைந்து ஊசிகள். ஊசி தொலைந்து, காற்றில்லாத பந்துகள் மூட்டையாகக் கிடக்கும் பள்ளிகளை நிறையப் பார்த்துவிட்டேன். கம்பம் என்றால் பெயர் பொறிக்கலாம், பந்தில் எங்கே பொறிப்பது என்று அவர் தயங்கலாம். சுவரில் வட்டம் வரையும் நாளுக்கு அவரையே அழைத்து, தூரிகையைக் கையில் கொடுங்கள். மாதம் ஒரு காலை வந்து குழந்தைகளோடு ஆடவும் அவர் சம்மதித்தால், அதை எந்தக் கம்பத்தைவிடவும் மேலாக நான் மதிப்பேன்.

ஆறு வாரம் கழித்து, தொடக்கத்தில் தேர்ந்துகொண்ட அதே குழந்தையை மறுபடி பத்து நிமிடம் எண்ணுங்கள். அலமாரிச் சாவியை ஐந்தாம் வகுப்பினரிடம் வாரம் ஒருவராகக் கொடுத்துவிடுங்கள். சில பந்துகள் தொலையும், சில கிழியும், ஒன்றாவது கூரைமேல் போய்த் தங்கும். ஆண்டு முடிவில் எல்லாப் பந்துகளும் புதிதாகவே இருந்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள்.